பள்ளிக்கூடத்துக் கூரையையும் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்!

ஐப்பசி அடைமழை. பண்ருட்டியிலிருந்து கும்பகோணம் போகிற சாலையில் இருக்கிறது காடாம்புலியூர். அங்கே பஸ்ஸை விட்டு இறங்கி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே உள்ளே போனால் வரும் ஒரு சிற்றூரில் என் நாத்தனார் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தீபாவளிச் சீர் கொடுக்கப் போனவள், மழை விடாததால் இரண்டு நாள் தங்கும்படி ஆகிவிட்டது.

காலையில் அவள் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். புத்தகப் பையை எடுத்துவந்து, அதற்குள் நான்காக மடித்த ஒரு உரச் சாக்கைத் திணித்தாள்.

"இது எதுக்கடி கண்ணு?" என்றேன்.

"நான் உட்கார்ற இடத்துல சொட்டும் அத்தை. தலையில போட்டுக்கத்தான்" என்றாள், ஏதோ பென்சிலும் ரப்பரும் எடுத்துப் போகிற மாதிரி.

நாத்தனார் வாசலில் சாம்பலைக் கையில் தடவிக்கொண்டு முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். "பழைய கட்டடம் அண்ணி. மழைக்காலம்னா அப்படித்தான். என்ன செய்யச் சொல்றீங்க?" என்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. குழந்தையைக் கொண்டுபோய் விடும் சாக்கில் நானும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இரண்டு கட்டடங்கள். ஒன்று ஓட்டுக் கூரை, மற்றது தளம் போட்டது. தளம் போட்ட அறையில் ஒரு மூலையில் காரை பெயர்ந்து, உள்ளே இருந்த கம்பி துருப்பிடித்து, எலும்பு மாதிரித் தெரிந்தது. அதற்கு நேர் கீழே பதினைந்து குழந்தைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நம் வீட்டுச் சமையலறையில் ஒரு ஓடு விலகினால் அன்றே ஆளை வரவழைத்து மாற்றுகிறோம். பிள்ளை ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் இருக்கிற இடத்துக் கூரையை நாம் ஏன் அண்ணாந்து பார்ப்பதில்லை? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கட்டடம் முன்கூட்டியே சொல்லும்

ஒரு கட்டடம் ஒரே நாளில் விழுந்துவிடுவதில்லை. பல வருஷம் முன்னாலிருந்தே சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்க ஆள் இல்லாமல் போவதுதான் விபத்து.

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் நடந்ததை எந்தத் தாயும் மறந்திருக்க மாட்டாள். ஒரு தனியார் பள்ளியில் சத்துணவுச் சமையலறையில் பிடித்த தீ, மாடியில் இருந்த கீற்றுக் கூரைக்குப் பரவி, 94 குழந்தைகளைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் கூரை முந்தின நாள் வேய்ந்ததல்ல. தினமும் எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்த கூரைதான். அதற்குப் பிறகே பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு கண்டிப்புக் காட்டியது. பாதுகாப்பான பள்ளிக்கூடம் கிடைப்பதும் கல்வி உரிமையில் அடங்கியதுதான் என்று, அந்தத் தீ விபத்தையொட்டித் தொடரப்பட்ட வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

2021 டிசம்பர் 17ஆம் தேதி திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும்படி உத்தரவு வந்தது அதன் பிறகுதான்.

2025 ஜூலை 25ஆம் தேதி ராஜஸ்தானில் ஜாலாவார் மாவட்டத்துப் பிப்லோதி கிராமத்தில் அரசுப் பள்ளிக் கட்டடம் இடிந்து ஏழு குழந்தைகள் பலியானார்கள். மேலேயிருந்து கல் உதிர்கிறது என்று பிள்ளைகள் முன்பே சொன்னதாகச் செய்திகள் வந்தன. படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறதல்லவா? குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது, பெரியவர்கள் காதில்தான் ஏறவில்லை.

நமக்குத் தெரியாதா என்ன?

"கட்டடம் பார்ப்பது இஞ்சினியர் வேலை, நமக்கு என்ன தெரியும்?" என்று நினைக்காதீர்கள். வீடு கட்டிக் குடித்தனம் நடத்துகிற பெண்ணுக்குக் கட்டடத்தின் நோய்கள் தெரியும். கட்டடம் தாங்குமா தாங்காதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் இஞ்சினியர்தான். ஆனால், அவரை வரவழைக்கும் அளவுக்குக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க நம் கண் போதும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கண்டுபிடிப்பது தாய், மருந்து எழுதுவது டாக்டர். அது போலத்தான் இதுவும்.

தளம் போட்ட கூரை: மொட்டைமாடியில் தண்ணீர் போகிற குழாய்வாயில் சருகு அடைத்துக்கொண்டால் மழைநீர் தேங்கும். அது மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடும். துருப்பிடித்த கம்பி பருத்துக்கொண்டே வரும். பருத்த கம்பி சுற்றியிருக்கும் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். முதலில் பழுப்புக் கறை, பிறகு கம்பியின் நீளத்துக்கே ஒரு விரிசல், பிறகு காரை உப்பி விழுவது என்ற வரிசையில் நோய் வளரும். காரை விழுந்த இடத்தில் சிமெண்டைப் பூசிச் சுண்ணாம்பு அடித்துவிட்டால், காய்ச்சல்காரிக்குப் பவுடர் பூசிக் கல்யாணத்துக்கு அனுப்பின கதைதான். துருவைச் சுரண்டி எடுத்து, நீர் இறங்குவதை மேலே அடைத்து, அதன் பிறகே பூச்சு வேலை செய்ய வேண்டும். கம்பியே இற்றுப்போயிருந்தால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது.

ஓட்டுக் கூரை: ஒரே ஒரு ஓடு உடைந்தால் மழை நேராகக் கைமரத்திலும் ரீப்பரிலும் இறங்கும். நனைந்த மரம் உளுக்கும், கரையான் ஏறும். பத்து ஓடு மாற்றாமல் விட்டதற்குக் கூரை முழுவதையும் பிரிக்க நேரும். கூரையின் முகடு நேராக இல்லாமல் நடுவில் தொய்ந்திருந்தால் உள்ளே மரம் களைத்துவிட்டது என்று அர்த்தம்.

சுவர்: பூச்சில் மயிரிழை போல ஓடும் கீறலுக்குப் பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக ஏறுகிற விரிசல், ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகலாம் போல அகலமாக இருந்தால் கவனியுங்கள். விரிசலின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் கோடு இரண்டு பக்கமும் விலகியிருந்தால் சுவர் நகர்ந்துகொண்டிருக்கிறது. கைப்பிடிச் சுவரில் அரசஞ்செடி, ஆலஞ்செடி முளைத்திருந்தால் தளிர்தானே என்று விட்டுவிடாதீர்கள். அதன் வேர் செங்கல்லைப் பிளக்கும்.

சுற்றுப்புறம்: வகுப்பறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சாய்ந்த மதில், பழைய கழிப்பறை, மூடியில்லாத கிணறு, கழிவுநீர்த் தொட்டி எல்லாவற்றையும் பாருங்கள். 2025 ஜனவரி 3ஆம் தேதி விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. படித்த குழந்தை கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்துபோனாள். இந்தப் பக்கத்து ஊர்களையே உலுக்கிய சம்பவம் அது. ஈரச் சுவரில் சுவிட்ச் பெட்டி இருந்தால் அதுவும் ஆபத்துதான்.

ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். பார்க்கிறேன் என்று கூரை மேல் ஏறாதீர்கள், பிள்ளைகளையும் ஏற்றாதீர்கள். கீழே நின்று பார்த்தாலே போதும்.

ஓட்டைக் கூரையும் பிள்ளை உடம்பும்

இடிந்து விழுந்தால்தான் ஆபத்து என்பதில்லை. ஓதம் காத்த அறையில் பூஞ்சை படரும். அந்தக் காற்றையே நாள் முழுக்கச் சுவாசிக்கிற குழந்தைக்குச் சளியும் இழுப்பும் அடிக்கடி வரும். மொட்டைமாடியில் தேங்குகிற நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும்.

பெண் குழந்தைகளுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. கதவில்லாத, தண்ணீர் வராத கழிப்பறைக்குப் போகக் கூசி, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி என்று வந்து நிற்கிறார்கள். பெரிய பெண்களாக இருந்தால் மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்கே போவதில்லை. சாயங்காலம் வீடு திரும்பும் உங்கள் பெண் ஓடிவந்து செம்பு நிறையத் தண்ணீர் குடித்தாலோ, நேராகக் கொல்லைப்புறம் ஓடினாலோ, பள்ளிக் கழிப்பறையைப் பற்றி அவளிடம் நிதானமாக விசாரியுங்கள். எல்லாப் பள்ளிகளிலும் குடிநீரும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறையும் வேண்டும் என்று 2012 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

ஊர் கூடிச் செய்த காலம்

பள்ளிக்கூடத்தைச் சீர்செய்வது நம் ஊர்களுக்குப் புதிதல்ல. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். 1958இல் இப்போதைய திருவள்ளூர் மாவட்டத்துக் கடம்பத்தூரில் தொடங்கி, ஊர் ஊராக அந்த மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்ன குறை என்று முதலில் பட்டியல் எழுதினார்கள். அதை ஊராரிடம் படித்துக் காட்டினார்கள். ஒருவர் கரும்பலகை கொடுத்தார், ஒருவர் கடிகாரம், ஒருவர் பெஞ்சு, வசதி உள்ளவர்கள் இடமும் கட்டடமும். இல்லாதவர்கள் உழைப்பைக் கொடுத்தார்கள். நம் பாட்டி, தாத்தா காலத்தில் எழும்பிய அந்தக் கட்டடங்களில் பல இன்றைக்கு வயதாகி நிற்கின்றன.

நம் கடலூர் மாவட்டத்துக் கட்டடங்களுக்கு வயது மட்டும் எதிரியில்லை. வடகிழக்குப் பருவமழை வருஷா வருஷம் வந்து சோதிக்கும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலைப் பண்ருட்டிப் பக்கம் யாரால் மறக்க முடியும்? தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களும் முந்திரி மரங்களும் வேரோடு சாய்ந்தன. 2015இல் வெள்ளம். மரம் போனதைக் கணக்குப் பார்த்தோம், நெல் போனதைக் கணக்குப் பார்த்தோம். பள்ளிக்கூடச் சுவர் எவ்வளவு நீர் குடித்தது என்று எத்தனை பேர் கணக்குப் பார்த்தோம்?

சட்டம் தாய்க்குக் கொடுத்த நாற்காலி

2010 ஏப்ரல் முதல் நாள் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தில், எந்தப் பருவத்துக்கும் ஏற்ற கட்டடம், ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறை, தனித்தனிக் கழிப்பறை, நல்ல குடிநீர், விளையாடும் இடம், சுற்றுச்சுவர் எல்லாம் பள்ளியில் இருந்தாக வேண்டும் என்று எழுதியிருக்கிறது. யாரும் நமக்குப் போடுகிற தர்மம் அல்ல அது.

அதே சட்டப்படி அமைவதுதான் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பல பள்ளிகளில் குழுத் தலைவியே ஒரு தாய்தான். பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று திட்டம் எழுதிக் கொடுக்கிற பொறுப்பும் இந்தக் குழுவுக்கு உண்டு. "கூட்டம்னு கூப்பிட்டாங்க, கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்" என்று நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்! இனிமேல் கையெழுத்துக்கு முன்னால் வாயைத் திறங்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நாலைந்து தாய்மார்கள் சேர்ந்து தலைமை ஆசிரியையிடம் போங்கள். சண்டைக்காகப் போகாதீர்கள். பாவம், அவர்களும் எழுதி எழுதி அலுத்திருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து பள்ளியைச் சுற்றிப் பார்த்து, குறைகளை நோட்டில் எழுதுங்கள். செல்போனில் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மேலாண்மைக் குழுவில் பேசித் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். காரை பெயர்ந்த அறையை அன்றைக்கே பூட்டும்படி கேளுங்கள். பணம் வரும்வரை அந்த அறையில் பாடம் நடக்கட்டும் என்று மட்டும் சம்மதிக்காதீர்கள்.

ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மனு கொடுக்க வேண்டும். இஞ்சினியர் வந்து பார்வையிட்டு எழுத்தில் அறிக்கை தர வேண்டும் என்று கேளுங்கள். மனுவின் நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நகல் இல்லாத மனு, விலாசம் இல்லாத கடுதாசி.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். அங்கே எழுந்து சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் செய்யுங்கள். அப்படியும் நடக்கவில்லையா? கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. கல்வித் துறையின் 14417 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் சொல்லலாம்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். 2022-23 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு, பள்ளிக் கட்டடங்களுக்காகப் பேராசிரியர் அன்பழகன் பெயரில் ஒரு திட்டத்தை அறிவித்தது. ஐந்து வருஷத்தில் 7,000 கோடி ரூபாய் என்பது அதன் கணக்கு. 2022 டிசம்பர் 19ஆம் தேதி தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்தில், வெளியூரில் நன்றாக இருக்கும் பழைய மாணவர்களும் கம்பெனிகளும் தாங்கள் விரும்பும் பள்ளிக்குப் பணம் கொடுக்க வழி செய்தார்கள். ஆனால் கேட்காத பள்ளியின் பெயர் பட்டியலில் எப்படி ஏறும்?

இடிப்பதற்கு முன் ஒரு கேள்வி

திருநெல்வேலி விபத்துக்குப் பிறகு பழைய கட்டடங்களை வேகமாக இடித்தார்கள். நல்லதுதான். ஆனால் புதிது வரும்வரை பல ஊர்களில் பிள்ளைகள் மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் உட்கார வேண்டியதாயிற்று. ஆகவே, "எப்போது இடிப்பீர்கள்?" என்று கேட்கும்போதே, "அதுவரை பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்? எப்போது கட்டி முடிப்பீர்கள்?" என்ற இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. கூரை ஒழுகுகிறது என்று வசதியுள்ளவர்கள் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பெற்ற வயிறு அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு பிள்ளையாகக் குறையக் குறைய, "இருபது பேருக்கு எதற்குப் புதுக் கட்டடம்?" என்ற பேச்சு வந்துவிடும். உள்ளடங்கிய ஊரில் பள்ளிக்கூடம் நின்றுபோனால் முதலில் வீட்டில் உட்காருவது ஏழை வீட்டுப் பெண் பிள்ளைதான். வேனில் பிள்ளையை அனுப்புகிற தாயும் கிராம சபையில் ஊர்ப் பள்ளிக்காக ஒரு வார்த்தை சொல்லலாமே!

உரச் சாக்கு

என் நாத்தனார் ஊர்க் கதையைச் சொல்லி முடிக்கிறேன். அன்று சாயங்காலம் முந்திரி உடைக்கிற பெண்கள் ஏழு பேர் திண்ணையில் கூடினார்கள். "நாம போய்ச் சொன்னா கேப்பாங்களா?" என்று ஒருத்தி இழுத்தாள். "கொட்டைக்குக் கூலி குறைச்சா மட்டும் கேக்கப் போறோமில்ல? இதுக்கும் போவோம்" என்றாள் வயதான ஒரு அம்மாள். மறுநாளே பெரிய டீச்சரைப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒரே சந்தோஷம். "நான் ஒருத்தி எழுதினா அது ஒரு காகிதம். நீங்களும் வந்து நின்னாதாம்மா ஊர்" என்றார்களாம்.

காரை பெயர்ந்த அறையைப் பூட்டிவிட்டார்கள். ஓட்டுக் கூரையில் உடைந்த ஓடுகளை ஊர்க்காரர்களே மாற்றிவிட்டார்கள். தளம் போட்ட கட்டடத்தை அளந்துகொண்டு போயிருக்கிறார்கள். புதுக் கட்டடம் இன்னும் வரவில்லை. மனு நகல் நாத்தனார் வீட்டு அலமாரியில், ரேஷன் கார்டோடு பத்திரமாக இருக்கிறது. மாதம் ஒரு தடவை யாராவது இரண்டு பேர் ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறார்கள்.

போன வாரம் போனில் பேசினேன். "அத்தை, இப்ப நான் சாக்கு எடுத்துட்டுப் போறதில்லே" என்றாள் மருமகள்.

சகோதரிகளே, நாளைக் காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடும்போது வாசலோடு திரும்பிவிடாதீர்கள். இரண்டு நிமிஷம் உள்ளே போய், உங்கள் குழந்தை உட்காருகிற இடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். மழைக்காலம் வந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வடாம் காய வைக்க வெயில் காலம் பார்க்கிற நாம், கூரையைச் சீர்செய்யவும் வெயில் காலத்தைத்தான் பார்க்க வேண்டும்.